'எந்தச் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்று பலகை வைத்தால் போதுமா?

கேள்வி: சிங்கப்பூரில் புதிதாகக் கார் டீட்டெய்லிங் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும்) கடை தொடங்குகிறேன். வாடிக்கையாளரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்? சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பலகை வைத்தால் போதாதா?

பதில்:

பலகை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, இந்தத் தொழிலில் இருப்பவன். பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் சிங்கப்பூரிலும் நடப்பில் இருக்கிறது. உங்கள் கவனக்குறைவால் யாருக்காவது காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால், எப்படி எழுதி வைத்திருந்தாலும் தப்ப முடியாது. கார் சேதத்துக்கான பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நிபந்தனை நியாயமானதாக இருக்க வேண்டும். 'எதற்கும் பொறுப்பல்ல' என்ற ஒரே வரி அதில் தேறுவது கஷ்டம். அப்புறம், வேலைக்கு ஒப்புக்கொண்ட பிறகு காட்டும் நிபந்தனை ஒப்பந்தத்தில் சேராது. அதனால் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடிப்பது வீண் செலவு.

பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. சாவியை வாங்கிய நிமிடத்திலிருந்து கார் உங்கள் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில் சேதம் ஏற்பட்டால், உங்கள் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். கீறல் முன்பே இருந்ததா, உங்களிடம் வந்து விழுந்ததா என்பதுதான் பெரும்பாலான சண்டைகளின் மூலம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) மட்டுமே 150,001 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்குப் போனது. அவ்வளவு கொடுத்து வாங்கியவர் வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பூதக்கண்ணாடி போட்டுத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் முதல் ஆவணம் சோதனைத் தாள். காரைக் கழுவிய பிறகு, வெளிச்சத்தில், வாடிக்கையாளரை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியாகப் பாருங்கள். அழுக்கோடு எடுத்த படத்தில் கீறல் தெரியாது. ரிம் ஓரத்தில் நடைபாதை விளிம்பு உரசிய தடம், கதவு விளிம்பு, பம்பர் மூலை, கண்ணாடியில் கல் பட்ட புள்ளி எல்லாவற்றையும் படம் எடுங்கள். காருக்குள்ளே, மீட்டர் காட்டும் ஓடிய கிலோமீட்டர், டேஷ்கேம், சாலைக் கட்டணக் கருவியில் செருகியிருக்கும் பண அட்டை, இருக்கைக்கு அடியில் கிடக்கும் சில்லறை வரை குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கேஜ் (பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி) வைத்து அளந்து எண்ணையும் எழுதுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு, அநேகமாகப் பழைய விபத்து. இதைப் பாலிஷ் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

கையெழுத்துக்குக் காகிதம்தான் வேண்டும் என்றில்லை. படங்களையும் நிபந்தனைகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி, வேலையைத் தொடங்குங்கள்' என்று பதில் வாங்கினால் அதுவும் சான்றுதான்.

நிபந்தனைகளைப் பொதுவாக எழுதாமல் குறிப்பாக எழுதுங்கள். நகம் மாட்டும் ஆழமான கீறல் பாலிஷில் போகாது. மறுபடி அடித்த பெயின்ட், வேலைக்காக ஒட்டும் டேப்போடு உரிந்து வரலாம். பழைய வண்டியில் எஞ்சின் பகுதியைக் கழுவினால் மின் இணைப்புகளில் தண்ணீர் இறங்கும் ஆபத்து உண்டு. இப்படி ஆபத்தைப் பெயர் சொல்லி எழுதி, எங்கள் தவறால் நேர்ந்த சேதத்துக்குச் சரிசெய்யும் செலவு வரை பொறுப்பேற்கிறோம், முதலில் எங்களுக்கே சரிசெய்ய வாய்ப்பு தர வேண்டும் என்று சேருங்கள். கொஞ்சம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம்தான் நியாயமானதாகத் தெரியும், நிற்கவும் செய்யும். செராமிக் கோட்டிங் (பெயின்ட்டின் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்) போட்டால் கீறலே விழாது என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் பொய்யான விளம்பரத்தை விடாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சாதாரணப் பப்ளிக் லயபிலிட்டி (பிறருக்கு நேரும் பாதிப்புக்கான) பாலிசிகள், உங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் பொருளுக்கு நேரும் சேதத்தைப் பெரும்பாலும் விலக்கிவிடும். அதாவது நீங்கள் கைவைக்கும் காருக்கே பாதுகாப்பு இருக்காது! ஏஜென்டிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காரை எடுத்துவந்து திருப்பி ஓட்டிக் கொடுக்கும் சேவை என்றால் இன்னும் கவனம் தேவை. செல்லும் இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் ஓட்டுவது குற்றம். வாடிக்கையாளரின் பாலிசி உங்களையும் உங்கள் ஊழியரையும் ஏற்கிறதா என்று தெரியாமல் சாவியைத் திருகாதீர்கள்.

தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தனியுரிமையாளராகப் பதிந்தால் கடையின் கடன் உங்கள் சொந்தக் கடன். விலை உயர்ந்த வண்டிகளைத் தொடப்போகிறீர்கள் என்றால் கடன் கம்பெனியோடு நிற்கும் பிரைவேட் லிமிடெட்டை யோசியுங்கள்.

தகராறு முற்றினால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகும். 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வரை கேட்கலாம். வக்கீல் கூடாது. நீங்களே உங்கள் படங்களோடு உட்கார வேண்டும். அங்கே வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம், ஒப்பந்த மீறலுக்கு மற்ற நீதிமன்றங்களில் ஆறு ஆண்டு. அதனால் படங்களை ஆறு ஆண்டாவது அழிக்காதீர்கள். அவற்றை விளம்பரத்துக்குப் போடுவதானால் வண்டி எண்ணை மறைத்து, உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.