சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்தால் விபத்து குறையுமா?

குறையும், சரியாக அமைத்தால். சாலைகள் கூடும் இடத்தில் நடுவே ஒரு வட்டத் திட்டு வைத்து, எல்லா வண்டிகளையும் ஒரே திசையில் சுற்றிப் போகச் செய்வதுதான் ரவுண்டானா.

இருவழிச் சாலைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் சாதாரண நாற்சந்தியில், வண்டியோடு வண்டி மோதக்கூடிய இடங்கள் 32. அதில் 16 இடங்களில் ஒன்றின் குறுக்கே மற்றொன்று பாய்கிறது. கார் கதவில் நேராக வந்து இடிக்கும் கோர விபத்துகள் நடப்பது அங்கேதான். ஒற்றைத் தட ரவுண்டானாவிலோ மொத்தமே 8 இடங்கள். குறுக்கே பாய்வது ஒன்றுகூட இல்லை, சேர்வதும் பிரிவதும் மட்டும்தான். வளைந்து போக வேண்டியிருப்பதால் வேகமும் தானாகக் குறையும். இடித்தாலும் பெரும்பாலும் உரசலோடு போய்விடும்.

கோயில் பிரகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கூட்டத்திலும் எல்லோரும் வலமாகவே சுற்றுவதால் யாரும் முட்டிக்கொள்வதில்லை. ஒருவர் எதிரே வந்தால்தான் தள்ளுமுள்ளு. (நாம் இடதுபுறம் ஓட்டுவதால் ரவுண்டானாவிலும் வலம்தான்!)

அப்புறம், வட்டத்துக்குள் சுற்றுபவருக்கே முதல் வழி. பிரிட்டன் இதை 1966-இல் விதியாக்கியது. அதற்கு முன் உள்ளே நுழைபவர்கள் முண்டியடித்து, வட்டமே பூட்டிக்கொள்ளும். இந்தக் காட்சியை நம் ஊரில் இன்றும் பார்க்கலாம்.

வட்டம் பெரிதாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய வட்டத்தில் வளைவே தெரியாமல் வேகம் ஏறிவிடும், சின்ன வட்டத்தைப் பார்த்தால்தான் கால் பிரேக்குக்குப் போகும்.