ஒரு வட்டத் தகடு, நூறு ஆண்டுகள்: ஜெர்மன் ராணுவ ஹெல்மெட் கேள்வி பதில்

தகடு அழுத்தும் பிரஸ் பட்டறையில் 38 ஆண்டுகள் டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, செய்தவன் நான். போர்க் கதைகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஒரு வட்டத் தகடு சுருக்கமும் கிழிசலும் இல்லாமல் எப்படி மனிதத் தலையை மூடும் வடிவத்துக்கு வருகிறது என்ற தொழில் வியப்பில்தான் ஜெர்மன் உருக்கு ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டேன். இன்னும் வெளியே எடுக்கவில்லை. கேட்டவர்களுக்குத் தெரிந்த வரை பதில் சொல்லியிருக்கிறேன்.

உச்சியில் ஈட்டி முனை வைத்த தொப்பியை முதல் உலகப் போர்ப் படங்களில் பார்க்கிறோம். அது இரும்பா, ஐயா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இல்லை தம்பி, தோல். பதப்படுத்தி இறுக்கிய தோலுக்கு மெருகு பூசி, பித்தளை முனை வைத்தது. பெயர் பிக்கல்ஹௌபே. அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்ஹெல்ம் 1842இல் தன் படைக்குக் கொடுத்தார். குதிரைமேல் இருந்து இறங்கும் வாள்வெட்டு வழுக்கிப் போக அது உதவும். பீரங்கிப் படையினருக்கு ஈட்டி முனைக்குப் பதில் ஒரு குண்டு இருக்கும். 1914இல் ஜெர்மானியர் இதை அணிந்துகொண்டுதான் போருக்குப் போனார்கள். பித்தளையின் பளபளப்பு எதிரிக்குத் தெரியாமலிருக்க மேலே ஒரு துணி உறை. போர் நீண்டது, தோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அழுத்திய கம்பளித் துணியிலும் மெல்லிய தகட்டிலும் செய்ய ஆரம்பித்தார்கள். 1915இல் முனையைக் கழற்றி வைக்கும்படி மாற்றினார்கள். வெடித்துச் சிதறும் பீரங்கிக் குண்டின் சில்லுக்கு முன்னால் இவை எல்லாம் ஒன்றுதான்.

அப்படியானால் உருக்கு ஹெல்மெட் யாருடைய யோசனை?
– வரலாற்று ஆசிரியை, தஞ்சாவூர்

முந்திக்கொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1915இல் அவர்களுடைய ஏட்ரியன் ஹெல்மெட் வந்தது. அதே ஆண்டு ஆங்கிலேயரின் பிராடி ஹெல்மெட்டும் வந்தது. ஜெர்மன் தரப்பில் முதல் முயற்சி, கிழக்கு பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் இருந்த ஜெனரல் கேடேயின் படைப்பிரிவுடையது. தலையில் காயம் பட்டவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்துவிட்டு, நெற்றியையும் மூக்கையும் மறைக்கும் கனத்த உருக்குத் தகடு ஒன்றைத் தோல் தொப்பியோடு பொருத்தினார்கள். எடை ஏறக்குறைய 2 கிலோ. செய்தது சுமார் 1,500. படத்தில் பார்த்தால் கொல்லன் அவசரத்தில் அடித்துக் கொடுத்தது போலவே இருக்கும்.

நாம் இன்று பார்க்கும் வடிவத்துக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர். மூளைக்குள் புகுந்த இரும்புச் சில்லுகளைக் காந்தம் கொண்டு எடுத்தவர். எடுத்த சில்லுகள் பல ஒரு பழக்கொட்டை அளவுகூட இல்லை. கையிலோ காலிலோ பட்டிருந்தால் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கலாம்; மூளைக்குள் போனதால் ஆளே முடிந்துபோனான். இத்தனை சிறிய துண்டைத் தடுக்கக் கனத்த கவசம் வேண்டாம், நல்ல உருக்கில் மெல்லிய தகடே போதும் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார்கள். மற்றவர் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பிரெடெரிக் ஷ்வெர்ட். நெற்றி, பொட்டு, பிடரி மூன்றும் மறைய வேண்டும் என்பதை வரைபடமாக்கியவர் அவர். 1915 நவம்பரில் கும்மர்ஸ்டார்ஃப் சோதனைத் திடலில் சுட்டுப் பார்த்தார்கள். டிசம்பரில் ஒரு தாக்குதல் படைப்பிரிவிடம் கொடுத்து அணியச் சொன்னார்கள். 1916 தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தது. பிப்ரவரியில் பிரான்சில் தொடங்கிய வெர்டன் போரில் களத்துக்கு வந்துவிட்டது. அரசாங்கக் கோப்பு ஒன்று இவ்வளவு வேகமாக நகர்ந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆகஸ்ட் பியர் என்றால் எங்கள் பாடத்தில் வரும் அதே பியரா?
– மயக்கவியல் மாணவி, மதுரை

அவரேதான் அம்மா. முதுகுத்தண்டில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும் முறையை 1898இல் செய்து காட்டியவர். தானும் உதவியாளரும் ஒருவர்மேல் ஒருவர் சோதித்துப் பார்த்து, பிறகு பல நாள் தலைவலியோடு படுத்துக் கிடந்தவர். கையை மட்டும் மரக்கச் செய்யும் ‘பியர் பிளாக்’ முறையும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தலைவலியில் அனுபவம் உள்ளவர்தான் தலைக்கவசத்துக்கு யோசனை சொன்னார்.

காதுப் பக்கம் விரிந்து வரும் அந்த வடிவம் எதிரியைப் பயமுறுத்தத்தானே?
– வாசகர், கோவை

பயம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வடிவத்தை முடிவு செய்தவை காயமும் பிரஸ்ஸும். 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வீரர்கள் அணிந்த ‘ஷாலர்’ கவசத்தின் சாயல் இருப்பது உண்மை. ஆனால் பிடரியை மறைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பவும் இடம் விட வேண்டும் என்றால், தகடு வெளியே விரிந்துதான் ஆக வேண்டும்.

இனி என் தொழில் பேச்சைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயரின் பிராடி, கவிழ்த்த தாம்பாளம். ஆழம் குறைவு, ஒரே தட்டில் அழுத்திவிடலாம். பிரெஞ்சு ஏட்ரியன், மெல்லிய மென் உருக்குத் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. ஜெர்மானியர் எடுத்துக்கொண்டதுதான் கடினமான வேலை: வலுவான நிக்கல் கலந்த உருக்கு, ஒரே துண்டு, அதில் ஆழமான இழுப்பு. பட்டறையில் டீப் டிரா என்போம். ஒரே மூச்சில் இழுத்தால் உச்சி கிழியும். விளிம்பைத் தளர்த்திப் பிடித்தால் ஓரம் முழுக்க மடிப்பு விழும். இரண்டுக்கும் நடுவே தகட்டைச் சூடாக்கிச் சூடாக்கிப் படிப்படியாகக் கீழே கொண்டுவர வேண்டும். இதைச் செய்து காட்டியது ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள தாலே என்ற ஊரின் இரும்பாலை. அந்த ஆலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சரக்கு என்ன தெரியுமா? இனாமல் பாத்திரம். பானையும் குண்டானும் இழுத்துப் பழகிய கைகளிலிருந்து ஹெல்மெட் பிறந்தது. பின்னாளில் ஹெல்மெட் செய்த மற்ற ஆலைகளின் பெயர்களையும் பாருங்கள், பாதியில் ‘இனாமல்’ என்ற சொல் இருக்கும்.

இரு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, எதற்கு?
– பள்ளி மாணவன், சேலம்

இரண்டு வேலைகளுக்கு. முதலாவது, உள்ளே துளை இருப்பதால் காற்று போய் வரும். இரண்டாவது, நெற்றிக்கு மேல் இன்னொரு கனத்த உருக்குத் தகட்டை அந்தக் கொம்புகளில் மாட்டலாம். பதுங்குகுழியில் அசையாமல் நின்று காவல் பார்ப்பவருக்கு அது. தனியாக 2 கிலோவுக்கு மேல். மாட்டினால் தலை முன்பக்கம் சாயும். வீரர்கள் அதை விரும்பவில்லை.

எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று இதில் உண்டு. ஹெல்மெட்டில் பல அளவுகள், நெற்றித் தகடோ ஒரே அளவு. சிறிய ஹெல்மெட்டில் அது எப்படிப் பொருந்தும்? கொம்பை நீளமாக்கி, அதில் ஒரு படி வைத்து இடைவெளியைச் சரிக்கட்டினார்கள். பழகிய கண்ணுக்குக் கொம்பைப் பார்த்தே ஹெல்மெட்டின் அளவு தெரிந்துவிடும்.

துப்பாக்கிக் குண்டைத் தடுக்குமா? நம் பைக் ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால்?
– இருசக்கர வாகன ஓட்டி, சென்னை

அருகிலிருந்து நேராக வரும் ரைபிள் குண்டைத் தடுக்காது. தடுப்பதற்காகச் செய்ததும் இல்லை. வேகம் குறைந்த சில்லு, தெறிக்கும் கல், மண்கட்டி, இவற்றுக்குத்தான் அது. பைக் ஹெல்மெட்டின் வேலை வேறு. அதற்குள் இருக்கும் நுரை நசுங்கி அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. உருக்கு ஹெல்மெட்டில் நுரை கிடையாது; மூன்று தோல் மெத்தைகள் மட்டும் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி காக்கும். அந்த வடிவத்தில் வேடிக்கை ஹெல்மெட் வாங்கி வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதை வாங்குங்கள், ஐயா.

1918 ஹெல்மெட் சிலவற்றில் காதுக்கு நேரே வளைத்து வெட்டியிருக்கிறது. குதிரைப்படைக்கு என்கிறார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

தொலைபேசி இயக்குபவருக்கு என்றும் சொல்வார்கள். இரண்டும் சந்தைக் கதை. ஆழமான ஹெல்மெட்டுக்குள் ஒலி எதிரொலித்து, குண்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்குப் பிடிபடவில்லை. அதற்காக வெட்டினார்கள். அதே ஆண்டு ஜூலை 7இல் ஜெர்மன் தளபதி லூடென்டார்ஃப் பிறப்பித்த ஆணைப்படி ஹெல்மெட்டுகளுக்குப் பச்சை, மஞ்சள், செம்பழுப்புக் கட்டங்கள் தீட்டினார்கள். கட்டங்களுக்கு நடுவே விரல் அகலக் கறுப்புக் கோடு.

இரண்டாம் உலகப் போர் ஹெல்மெட் ஏன் சிறியதாகத் தெரிகிறது? 35, 40, 42 என்று எண் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?
– பொறியாளர், ஓசூர்

1935 ஜூனில் ஏற்றது எம்35. விளிம்பைக் குறுக்கி, கொம்பை எடுத்துவிட்டு, காற்றுக்குச் சிறிய குழல் ஆணி வைத்தார்கள். உள்ளே 1931இல் வந்த தோல் பட்டை. விளிம்பை உள்பக்கம் மடித்துச் சுருட்டியிருப்பார்கள். கைக்கு வழவழப்பாக இருக்கும் அருமையான வேலை. ஆனால் ஒவ்வொரு அழகும் ஒரு செலவு. 1940இல் குழல் ஆணி போயிற்று. காற்றுத் துளையைத் தகட்டிலேயே புடைத்து எடுத்தார்கள். 1942இல் விளிம்பு மடிப்பும் போயிற்று. ஓரத்தை வெட்டி, சற்று வெளியே வளைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். என்னிடம் இருப்பது எம்42. விரலை ஓரத்தில் ஓட்டினால் தகட்டின் பருமன் அப்படியே தட்டுப்படும். எங்கள் பட்டறையில் அந்த ஓரத்தோடு ஒரு பாத்திரம் வெளியே போயிருந்தால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பியிருப்பார். ஒரு நாடு தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதை நான் அந்த விளிம்பில்தான் படித்தேன்.

பக்கவாட்டு முத்திரைகளும் அப்படித்தான். தரைப்படைக்கு ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் கறுப்பு–வெள்ளை–சிவப்புக் கேடயம். 1940இல் மூவண்ணம் நின்றது, 1943இல் கழுகும் நின்றது.

பாராசூட் வீரர்களுக்கு விளிம்பே இல்லாத தனி ஹெல்மெட் உண்டு. குதிக்கும்போது கயிறு மாட்டக் கூடாதல்லவா.

ஒன்று வாங்க ஆசை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– சேகரிப்பாளர், பெங்களூரு

முதலில் உள்ளே, இடப்பக்கக் காதோரத்தைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் பதிந்திருக்கும். ‘ஈடி’ என்றால் தாலே, ‘கியூ’ என்றால் எஸ்லிங்கன் நகரின் குவிஸ்ட், ‘என்எஸ்’ என்றால் ஷ்வெர்டே நிக்கல் ஆலை, ‘ஈஎஃப்’ என்றால் ஃபுல்டா. எண் 64 என்றால் ஓட்டின் அளவு. அதற்குள் 56, 57 செ.மீ. தலைக்கான பட்டை இருக்க வேண்டும். 66 என்றால் 58, 59. இந்தக் கணக்கு உதைத்தால் யாரோ உள்பட்டையை மாற்றியிருக்கிறார்கள்.

முத்திரைக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் ஒரு பழம்பொருள் சந்தையில் நான் ஏமாந்தது அங்கேதான். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்தால், வண்ணத்தில் பழைய கீறல் ஒன்று. கழுகின் இறக்கை அந்தக் கீறலின்மேல் சொகுசாகப் படுத்திருக்கிறது. எண்பது வருடக் கீறலுக்குமேல் நேற்று ஒட்டிய கழுகு. ஓடு அசல், முத்திரை பொய். சுரண்டி எடுத்துவிட்டேன், வீட்டில் வைக்க எனக்கும் அது கூச்சமாகத்தான் இருந்தது. ஜெர்மனியில் ஸ்வஸ்திகா உள்ள பொருளைப் பொது இடத்தில் காட்டினால் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போருக்குப் பிறகு இரண்டு ஜெர்மனியும் என்ன அணிந்தன?
– அரசியல் அறிவியல் ஆய்வாளர், புதுச்சேரி

மேற்கு ஜெர்மனி 1955இல் மீண்டும் படை திரட்டியபோது அமெரிக்கக் கிண்ண வடிவத்துக்குப் போனது. பழைய உருவத்தைப் பார்த்து அண்டை நாடுகள் முகம் சுளிக்கும் அல்லவா? ஆனால் எல்லைக் காவல் படை மட்டும் பழைய வடிவத்தைச் சில காலம் வைத்துக்கொண்டது.

கிழக்கில்தான் சுவையான சங்கதி. தாலே ஆலை அவர்கள் பக்கம் சிக்கியது. 1956இல் அங்கிருந்து வந்த எம்56, விளக்குக் கூண்டுபோல் சரிந்து இறங்கும். எந்தப் பக்கம் பட்டாலும் சில்லு வழுக்கிப் போகும். நாஜி வடிவத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று பார்த்தவுடன் தோன்றும். உண்மையில் அதன் மூல வடிவம், போரின் கடைசி ஆண்டுகளில் நாஜி ஜெர்மனியிலேயே சோதித்த ஒரு மாதிரிதான். அன்றைய தலைமை வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பொதுவுடைமை அரசு எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. ஆலையும் அதே ஆலை.

இன்று அமெரிக்கப் படையின் ஹெல்மெட்கூட ஜெர்மன் ஹெல்மெட் போலத்தானே இருக்கிறது?
– வாசகர், சிங்கப்பூர்

ஆமாம். 1980களில் கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையில் செய்த ஹெல்மெட் வந்தபோது, அவர்களுடைய வீரர்களே அதற்கு ‘ஃபிரிட்ஸ்’ என்று ஜெர்மன் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். நெற்றி, காது, பிடரி மூன்றையும் மறைக்க யார் உட்கார்ந்து வரைந்தாலும் 1915இல் ஷ்வெர்ட் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பார்கள். ஜெர்மன் படையும் 1992 முதல் அதே வகையான அராமிட் இழை ஹெல்மெட்டுக்கு மாறியது. செய்தது ஷூபெர்த் நிறுவனம். மைக்கேல் ஷூமாக்கர் அணிந்த பந்தய ஹெல்மெட்டைச் செய்ததும் அதே நிறுவனம்தான். இப்போது காதில் தொடர்புக் கருவி மாட்ட வசதியாகக் காதுப் பக்கத்தை உயர்த்தி வெட்டுகிறார்கள். 1918இல் வெட்டிய அதே இடம்.

ஒரு செய்தி: 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பழைய ஹெல்மெட்டுகளை இன்றைய ஹெல்மெட்டோடு சேர்த்து வெடியலைக்கு முன் வைத்துப் பார்த்தார்கள். மேலிருந்து வரும் அலையில் உச்சந்தலையைச் சிறப்பாகக் காத்தது பிரெஞ்சு ஏட்ரியன். உச்சியில் இருக்கும் கொண்டை காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஜெர்மன் ஹெல்மெட்டின் ரசிகனான எனக்கு இதை எழுதக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

நீங்கள் அணிந்து பார்த்தீர்களா? தோற்ற நாட்டில் அத்தனை லட்சம் ஹெல்மெட்டுகள் என்னவாயின?
– இல்லத்தரசி, கும்பகோணம்

அணிந்தேன் அம்மா. என்னுடையது 64, என் தலை 59. பூசணிக்காய்மேல் கொட்டாங்கச்சி கவிழ்த்ததுபோல் உச்சியில் நின்றது.

இரண்டாவது கேள்விக்கு: 1945க்குப் பிறகு ஜெர்மனியில் சமையலுக்குப் பாத்திரம் இல்லை, ஹெல்மெட் நிறைய இருந்தது. ஆலைகள் ஓட்டில் வரிசையாகத் துளை போட்டு, கால் வைத்து, கைப்பிடி ஒட்டி, இனாமல் பூசி, உருளைக்கிழங்கு வடிக்கும் தட்டாக விற்றன. நீண்ட கோல் பொருத்திச் சாணக்குழியில் மொள்ளும் அகப்பையாகவும் சில போயின. அந்த வடிதட்டு ஒன்று இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தால் முத்திரையைப் பார்க்க மாட்டேன். துளைகளைச் சுற்றி இனாமல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.