கொசு இல்லாத ஊருக்கு வழி கேட்கிறார்கள்

மழை பிடித்துவிட்டால் பூச்சியியல்காரனுக்குக் கடிதங்கள் குவியும். பாதிப் பேர் கொசுவை விரட்ட வழி கேட்கிறார்கள். மீதிப் பேர் தாங்களே ஓடிப்போக இடம் கேட்கிறார்கள். இந்த முறை இரண்டாவது கூட்டத்துக்குப் பதில்.

கேள்வி: கொசுவே இல்லாத நாடு ஐஸ்லாந்து என்று படித்தேன். நிஜமா?

2025 அக்டோபர் வரை நிஜம். தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு வடக்கே கியோஸ் என்ற பகுதியில் பூச்சி ஆர்வலர் ஒருவர், அந்துப்பூச்சி பிடிப்பதற்காகச் சிவப்பு ஒயினில் நனைத்த கயிற்றைத் தொங்கவிட்டிருந்தார். வந்து உட்கார்ந்தது கொசு. இரண்டு பெண், ஓர் ஆண். குலிசெட்டா அன்னுலாட்டா என்ற இனம். ஐரோப்பாவில் சாதாரணமாகக் காணப்படுவது. வளர்ந்த கொசுவாகவே நிலவறையிலும் கொட்டகையிலும் ஒண்டிக் குளிர்காலத்தைக் கடத்திவிடும். மூன்றே மூன்று கிடைத்ததை வைத்து அங்கே குடியேறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'கொசு இல்லாத நாடு' என்ற பட்டம் போயிற்று.

இத்தனை நாள் ஏன் இல்லை? குளிர் என்பார்கள். பாதிதான் சரி. ஒரே சீரான குளிரைச் சமாளிக்கும் கொசுக்கள் நிறைய உண்டு. ஐஸ்லாந்தில் குளம் உறையும், இளகும், மறுபடி உறையும். கூட்டுப்புழு கொசுவாக வெளிவரப் போகும் சமயத்தில் தண்ணீர் திரும்பவும் கட்டியாகிவிட்டால் கதை முடிந்தது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. நடுக்கடலில் தனித்துக் கிடக்கும் தீவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிபடாமல் திரும்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2015 முதல் அங்கே 'லூஸ்மீ' என்ற பொடிப்பூச்சி மனிதர்களைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஐஸ்லாந்து போனால் போகட்டும். கிரீன்லாந்து, அண்டார்க்டிகா?

கிரீன்லாந்துக்குக் கோடையில் போனால் முகவலை எடுத்துப் போங்கள். பனி உருகித் தேங்கும் குட்டைகளில் ஏடிஸ் நைக்ரிப்பெஸ் என்ற கொசு மேகம் மேகமாகக் கிளம்பும். கலைமான்கள் மேய முடியாமல் திணறும் அளவுக்கு. முட்டைகள் குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்து பிழைக்கும். அங்கே குளிர் நீளமாக வரும், ஒரேயடியாகப் போகும். கொசுவுக்கு அது தோது.

அண்டார்க்டிகா கொசு இல்லாத ஒரே கண்டம். சிறகில்லாத ஒரு குட்டிப் பூச்சி உண்டு, கடிக்காது.

கேள்வி: ஹவாய் தீவில் முன்பு கொசு கிடையாதாமே? எப்படி வந்தது?

கப்பலில் வந்தது. 1826இல் மாவி தீவின் லஹைனா துறைக்கு வந்த 'வெலிங்டன்' கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களைக் கரையில் கழுவி ஊற்றியபோது அதிலிருந்த புழுக்கள் இறங்கின என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நம் சாக்கடையில் வளர்கிறதே, அதே கியூலெக்ஸ்தான். காதருகே பாடும் புது ஈ ஒன்று வந்திருப்பதாகத் தீவுவாசிகள் பாதிரிமாரிடம் போய்ச் சொன்னார்களாம்.

அடி விழுந்தது பறவைகளுக்கு. வெளியிலிருந்து வந்த, பறவைகளுக்கான மலேரியாவை இந்தக் கொசு பரப்பியது. கொசுவையே பார்த்திராத பறவைகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏது? வேறெங்கும் இல்லாத தேன்சிட்டு போன்ற இனங்கள் ஐம்பதுக்கு மேல் அங்கே இருந்தன. இப்போது இருபதுகூடத் தேறாது. காடழிப்பு, எலி, பூனைக்கும் அதில் பங்குண்டு. மிஞ்சியவை குளிர்ந்த மலையுச்சிகளில் ஒதுங்கியிருக்கின்றன. பூமி சூடேறச் சூடேறக் கொசுவும் மலை ஏறுகிறது. அதனால் 2023 முதல் மாவியில் ஆண் கொசுக்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். பயப்பட வேண்டாம், ஆண் கொசு கடிக்காது. இவற்றின் உடலில் இருப்பது வேறு வகை வோல்பேக்கியா பாக்டீரியா. இவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. பறவையைக் காப்பாற்றக் கொசுவை விமானமேற்றுவது எனக்குப் பிடித்த முரண்.

கேள்வி: பாலைவனத்தில்?

தண்ணீர் இல்லாதவரை. ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குக் கால்வாய் வந்தது, கூடவே மலேரியாக் கொசுவும் வந்தது. 1994இல் அங்கே பெரிய கொள்ளைநோயே பார்த்தோம்.

கேள்வி: இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்றால் கொசுவும் ஒழிந்துவிட்டதுதானே?

இல்லை. ஒட்டுண்ணி போயிற்று, கொசு இருக்கிறது. 2012 அக்டோபருக்குப் பிறகு மூன்றாண்டுக்கு மேல் உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை; 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. மறு ஆண்டே டெங்கு 1,80,000 பேருக்கு மேல் பாதித்தது. போதாததற்கு மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீஃபன்சி தலைகாட்டியது. சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் காலங்காலமாக மலேரியா பரப்பிய அதே ஆசாமி.

கேள்வி: ஓய்வு பெற்றதும் கொடைக்கானலில் வீடு வாங்கலாம் என்றிருக்கிறோம். அங்கே கொசு இல்லை என்கிறார் தரகர்.

தரகர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் குளிர்ந்திருப்பதால் புழு மெல்ல வளரும். கொசு குறைவு, அறவே இல்லை என்பதில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் முதிர்வதற்கே 16, 18 டிகிரியாவது வேண்டும் என்பது உங்களுக்குச் சாதகம். வீட்டை வேறு காரணத்துக்காக வாங்குங்கள். அட்டையைப் பற்றித் தரகர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: சரி, எங்கும் போகப் போவதில்லை. வீட்டை மட்டுமாவது கொசு இல்லாத இடமாக்க முடியுமா?

டெங்குக் கொசுவைப் பொறுத்தவரை பெருமளவு முடியும். ஏடிஸ் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அபூர்வம். உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டில், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பிறந்தது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் தண்ணீர் பிடித்து வைத்த எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கீழே, தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்கும். போன மாதம் எங்கள் வீட்டுத் தட்டை என் மனைவி இழுத்துக் காட்டினாள். பதினேழு புழுக்கள், நானே எண்ணினேன்.