பேரல் நட் கழலவே இல்லையா? கேஸ் டார்ச்சை எடுக்கும் முன் எது உள்ளே, எது வெளியே என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: ஏஆர்-15 வகை ரைபிள், பழைய பேரல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அப்பர் ரிசீவரை (பேரல் மாட்டியிருக்கும் மேல்பாதி உடல், சுருக்கமாக அப்பர்) வைஸில் பிடித்து, ரென்ச்சில் நீளமான குழாயை மாட்டி இழுத்தும் பேரல் நட் இம்மியும் நகரவில்லை. இரண்டு நாள் எண்ணெயில் ஊற வைத்தாயிற்று. அடுத்து கேஸ் டார்ச்சால் காய்ச்சிப் பார்க்கலாமா?

வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதிப் பேர் கெடுப்பது அந்த இடத்தில்தான். ஒரு காலத்தில் நானும் கெடுத்தேன்.

முதலில் மேகஸினைக் கழற்றி, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டை (அந்த அறையைப் பின்னாலிருந்து மூடும் துண்டு) வெளியே எடுத்து, தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். பல நாடுகளில் இந்த வேலையை உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக்தான் செய்யலாம். உங்கள் ஊர்ச் சட்டம் அப்படியென்றால் அவரிடமே கொடுத்துவிடுங்கள். இனி வருவது அவர் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்ளவாவது உதவும்.

இப்போது அமைப்பைப் பார்ப்போம். "பேரல் மரையில் இறுகிவிட்டது" என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் ஏஆர்-15-இல் பேரல் ரிசீவருக்குள் மரை போட்டு ஏறுவதே இல்லை. பேரலின் பின்முனையில் பேரல் எக்ஸ்டென்ஷன் என்ற எஃகுத் துண்டு இருக்கிறது. அது ரிசீவரின் துளைக்குள் மரை இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அதிலுள்ள சின்ன இன்டெக்ஸ் பின், ரிசீவரின் வாயில் இருக்கும் காடியில் பொருந்தும். வெளியிலிருந்து பேரல் நட் ரிசீவரின் மரையில் ஏறி, எக்ஸ்டென்ஷனின் விளிம்பை ரிசீவரோடு அழுத்திப் பிடிக்கிறது. ஆக இறுகிப்போனது நட்டும் ரிசீவரும்தான், பேரலுக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. பேரலே நேராக ரிசீவரில் மரை போட்டு ஏறும் ரைபிள்களும் உண்டு, அவற்றுக்கு வைத்தியம் வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏன் இறுகுகிறது? ரிசீவர் பொதுவாக 7075-டி6 என்ற பதப்படுத்திய அலுமினியக் கலவை, நட் பெரும்பாலும் எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரமும் வியர்வை உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகி, இருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரை இடுக்கில் சிமென்ட் போல நிற்கும். நட்டின் பின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் நோய் இதுதான். கிரீஸ் போடாமல் யாரோ மாட்டியிருக்கிறார்கள். சிவப்புத் திரெட்லாக்கர் (மரையைப் பூட்டும் பசை) தடவி மாட்டிய புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

சூட்டுக்கு வருவோம். துருப்பிடித்த நட்டைக் காய்ச்சிக் கழற்றுவது நாம் எல்லாரும் பார்த்துப் பழகிய வித்தை, எஃகு போல்ட்டும் எஃகு நட்டும் என்றால் பலிக்கவும் செய்யும். இங்கே கணக்கு தலைகீழ். சூடு ஏறினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நட் வெளியே, அலுமினியம் உள்ளே. மொத்தமாகக் காய்ச்சினால் உள்ளே இருப்பது அதிகம் விரிந்து நட்டை இன்னும் இறுக்கும், அதாவது கழற்றுவதாக நினைத்து முடுக்குகிறீர்கள். அதோடு, 7075-டி6 தன் வலிமையைப் பெறுவதே சுமார் 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவதால்தான். சிவப்புத் திரெட்லாக்கர் இளக சுமார் 250 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டுக்குப் போனால் திரெட்லாக்கரோடு ரிசீவரும் இளகிவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் பதம் போன ரிசீவர் மறுபடி பதத்துக்கு வராது.

நான் டார்ச் பிடித்த நாளில் நட் கழலவில்லை, ரிசீவரின் கறுப்புப் பூச்சு மட்டும் ஊதா கலந்த பழுப்பாக மாறியது. அந்த ரிசீவரை அதற்கப்புறம் யாருக்கும் மாட்டிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஆகவே உங்கள் நட்டுக்கு வேண்டியது குளிர். அப்பரை மொத்தமாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்கு இறங்கும்போது, 31.75 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த மரையில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ 0.017 மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கும். இது என்ன பெரிய அளவு என்று தோன்றலாம், ஆனால் பொடி கட்டிய மரையை விரிசல் விட வைக்க அது போதும். வெளியே எடுத்ததும் ஹீட் கன்னால் நட்டை மட்டும், ரிசீவர் பக்கம் காற்று அடிக்காமல், ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றிக் காட்டி, சூடு உள்ளே இறங்குவதற்குள் ரென்ச்சைப் போடுங்கள். முதல் தடவை வரவில்லையென்றால் மறுபடி குளிர், மறுபடி சூடு. மூன்று நான்கு சுற்று போனபின் கழன்ற நட்டுகள் நிறைய.

எண்ணெய் ஊற வைத்தது சரிதான், ஆனால் எந்தப் பக்கம் ஊற்றினீர்கள்? பேரல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, நட்டும் ரிசீவரும் சேரும் பின் விளிம்பில் விட்டால்தான் மரைக்குள் இறங்கும். முன்பக்கம் விட்டது பேரலைச் சுற்றி வழிந்து போயிருக்கும். விட்டுவிட்டுப் பித்தளைச் சுத்தியால் நட்டைச் சுற்றி லேசாகத் தட்டுங்கள், அதிர்வு எண்ணெயை உள்ளே இழுக்கும். ஆனால் ரென்ச் போடும் முன் வழிந்த எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுங்கள், வழுக்கினால் நட்டின் பற்கள் போய்விடும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கேஸ் ட்யூபை எடுத்துவிட்டீர்களா? சிரிக்காதீர்கள். பேரலிலிருந்து வாயுவைப் பின்னால் கொண்டுவரும் அந்த மெல்லிய குழாய் நட்டின் பற்களுக்கு நடுவே புகுந்துதான் ரிசீவருக்குள் போகிறது. அது இருக்கும்வரை நட் சுற்றவே முடியாது. சில ஹேண்ட்கார்டுகளில் (பேரலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறை) நட்டைப் பூட்டும் சின்ன ஸ்க்ரூக்களும் இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். "மூன்று நாளாக முயற்சி செய்கிறேன்" என்று வந்த ஒருவருடைய அப்பரில் அந்த ஒரு ஸ்க்ரூதான் வில்லன்.

அடுத்தது எதைப் பிடிப்பது என்ற விஷயம். ரிசீவரை வைஸ் தாடையில் நேராக வைத்து நசுக்கக் கூடாது, உள்சுவர் கொஞ்சம் நெளிந்தாலும் உள்ளே போல்ட்டைச் சுமந்து ஓடும் போல்ட் கேரியர் உரசும். இப்போது நிறையப் பேர் எக்ஸ்டென்ஷனின் பற்களில் மாட்டும் எஃகுத் தண்டைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரணமாக இறுகிய நட்டுக்கு அது நல்ல கருவி. மரையே அரித்து ஒட்டிக்கொண்டால் கதை மாறும். நீங்கள் நட்டைத் திருப்பினால் அதோடு ஒட்டிய ரிசீவரும் சேர்ந்து திரும்பப் பார்க்கும், அதைத் தடுத்து நிற்பது அந்தத் தீக்குச்சித் தடிமன் இன்டெக்ஸ் பின் மட்டும்தான். பின் எஃகு, காடி அலுமினியம். எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காடி அகன்றுவிட்டால் அடுத்த பேரல் நேராக நிற்பது சந்தேகம். மரை ஒட்டிய நிலையில் ரிசீவரையே பிடியுங்கள்: வெளியே அதன் வடிவத்துக்கு வார்த்த இரண்டு பாதிக் கட்டை, உள்ளே நசுங்காமல் தாங்கும் செருகல், நட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். உள்ளே தண்டும் வெளியே கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

பிடித்த பிறகு பெயின்ட் மார்க்கரால் நட், ரிசீவர் இரண்டையும் தாண்டி ஒரு கோடு போடுங்கள், பேரலுக்கும் ரிசீவருக்கும் குறுக்கே இன்னொன்று. முதல் கோடு உடைந்தால் நட் நகர்கிறது. இரண்டாவது உடைந்தால் உடனே நிறுத்துங்கள், நீங்கள் காடியைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள்.

திசையும் முக்கியம், வலது மரை. பேரல் வாய்ப் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழலும். முதலில் ஒரு மயிரிழை இறுக்கிவிட்டு அப்புறம் கழற்றுங்கள், ஒட்டு உடைவது பல நேரம் அந்த இறுக்கலில்தான். ஊஞ்சல் மாதிரித் தொங்குவதைவிட, கைப்பிடியை இழுத்து வைத்துக்கொண்டு அதன் நுனியில் துள்ளாத சுத்தியால் சின்னச் சின்ன அடி கொடுப்பது பலன் தரும். கழலும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும், கைக்கும் தெரியும்.

எவ்வளவு பலம் வரை போகலாம்? இந்த நட்டை மாட்டும் அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு, சுமார் 41 முதல் 108 நியூட்டன் மீட்டர். 60 சென்டிமீட்டர் கைப்பிடியில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 176 நியூட்டன் மீட்டர் ஆகிவிடுகிறது. உங்கள் நீளக் குழாயின் நுனியில் உடம்பு எடையைப் போட்டிருந்தால் அதைத் தாண்டி எங்கோ போயிருப்பீர்கள். மேல் அளவின் இரண்டு மடங்கு வரை போயும் அசையவில்லையென்றால் நான் பலத்தைக் கூட்டமாட்டேன். நட்டைப் பலி கொடுப்பேன். நட் மலிவு, ரிசீவர் அப்படியல்ல.

அதற்கு ரோட்டரி கருவியில் வெட்டுச் சக்கரம் மாட்டி, நட்டின் நீளவாக்கில் ஒரு கோடு அறுக்க வேண்டும். முழுக்க அறுக்காதீர்கள், அடியில் காகிதத் தடிமனுக்கு விட்டுவைத்து, அகலமான ஸ்க்ரூடிரைவரை வெட்டில் வைத்துத் திருகினால் மிச்சம் தானாகப் பிளக்கும். மரைக்குள் சக்கரம் ஒரு நொடி இறங்கினாலும் ரிசீவர் காயம்பட்டதுதான், அவசரப்படாமல் அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புத் திரெட்லாக்கர் என்று உறுதியாகத் தெரிந்தால் நான் நேராக இந்த வழிக்கே வந்துவிடுவேன்.

நட் போனபிறகும் பேரல் வராமல் படுத்தலாம். இங்கேதான் வேடிக்கை: இந்த இடத்தில் எஃகு எக்ஸ்டென்ஷன் உள்ளே, அலுமினிய ரிசீவர் வெளியே. இப்போது சூடுதான் நண்பன். ஹீட் கன்னால் ரிசீவரின் முன்பகுதியைத் தண்ணீர் கொதிக்கும் அளவுக்கு, 100 டிகிரியைத் தாண்டாமல், சூடாக்கி, கையுறை போட்டு நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம், பின் மறுபடி காடியைத்தான் கடிக்கும். ஒரே துப்பாக்கியில் இரண்டு அங்குல இடைவெளியில் ஒரு இணைப்புக்குக் குளிர், இன்னொன்றுக்குச் சூடு.

பேரலே ரிசீவரில் மரை ஏறும் ரைபிள்களுக்கும் இதே யோசனைதான். ரிசீவர் அலுமினியம் என்றால் சூடு உதவும், அதே 100 டிகிரி வரம்போடு. எஃகு ரிசீவர் என்றால் பேரலை அதற்கான வைஸில் வழுக்காமலிருக்க ரோஸின் (பிசின் பொடி) தூவிப் பிடித்து, ரிசீவருக்கு அதன் வடிவ ரென்ச் போட வேண்டும். பழைய பேரல் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால் லேத்தில் ஏற்றி, பேரலின் தோள் ரிசீவரைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் காடி வெட்டினால் அழுத்தம் விட்டு, அதுவரை மல்லுக்கு நின்ற பேரல் சாதுவாகச் சுற்றி வரும். எம்1917 என்ஃபீல்டு போன்ற பழைய ரைபிள்களில் பேரலை அவ்வளவு முடுக்கி மாட்டியிருப்பார்கள், வெறும் பலத்தால் கழற்றி ரிசீவர் விரிசல் விட்ட கதைகள் உண்டு. இந்த வகையில் புதுப் பேரல் போட்டால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும் அளவுகோல்) வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாது. ஏஆர்-15-இல் புதுப் பேரல் எக்ஸ்டென்ஷனோடுதான் வரும், ஆனாலும் பழைய போல்ட்டோடு அது சேருகிறதா என்று கேஜ் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாட்டும்போது மரையைப் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வெள்ளைப் பொடி ஒரு துளி இல்லாமல் துடைத்து, மாலிப்டினம் கிரீஸ் தடவுங்கள். கிராஃபைட் கலந்தது வேண்டாம், அது அலுமினியத்தின் அரிப்பைத் தூண்டிவிடும். 30 அடி-பவுண்டுக்கு இறுக்கி, தளர்த்தி, இப்படி இரண்டு முறை மரையைப் பழக்கிவிட்டு மூன்றாவது முறை நிலையாக இறுக்குங்கள். நட்டின் பற்களில் கேஸ் ட்யூபுக்கான இடைவெளி, ரிசீவரில் ட்யூப் நுழையும் துளைக்கு நேராக வரும்வரை இறுக்கலாம், 80-ஐத் தாண்டாமல். தாண்டினால்தான் நேராகும் என்றால் நட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம் (வளையத் தகடு) வையுங்கள். கடைசியாக ட்யூபைச் செருகிப் பாருங்கள், நட்டின் பல் எதையும் உரசாமல் அதுவாக வழுக்கிப் போக வேண்டும்.