மை காய்ந்த பிரிண்டரும் கரைந்துபோன கொலு மலையும்

ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலைக்குப் பேரம் பேசுகிறோம். அதற்குள் போகிற மை, பசை, ஃபில்டர், பேட்டரி இவற்றின் விலையையோ ஆயுளையோ விசாரிப்பதில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைத் தொல்லைதான்.

கேள்வி: பையனின் பள்ளி ப்ராஜெக்டுக்காக இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினோம். மாதத்துக்கு நான்கைந்து பக்கம் எடுத்தால் அதிகம். ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் கோடு விழுகிறது. கிளீனிங் கொடுத்தால் சரியாகிறது, ஆனால் மை தீர்ந்துபோகிறது. பிரிண்டர் பழுதா? (திருச்சி வாசகி)

பதில்: பழுதெல்லாம் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத பிரிண்டரை விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான். இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். அது தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக வர வேண்டும். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் துளையின் வாயிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். கிளீனிங் என்று நீங்கள் கொடுப்பது, நல்ல மையை இழுத்து அந்த அடைப்பைத் தள்ளும் வேலை. தள்ளிய மை பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டது என்று கணக்குப் பார்த்து ஒருநாள் பிரிண்டரே வேலைநிறுத்தம் செய்யும். ஆக, காசு கொடுத்து வாங்கிய மையில் நல்ல பங்கு காகிதத்தையே பார்ப்பதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைத்துவிடுவோம். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால்தான் அது மை தெளிக்கும் ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய் மூடி போட்டு வைக்கும். திடீரென்று கரண்ட் போனால் மூடாமலே நின்றுவிடலாம். முதலில் பட்டன், அதன் விளக்கு அணைந்த பிறகு சுவர் ஸ்விட்ச். வாரம் ஒருமுறை எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் எடுங்கள், பாதி தொல்லை குறையும்.

பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் டேங்க் மாடல் வாங்கினால் தீருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் மை மலிவு, ஆனால் அது நிறைய அச்சடிக்கிறவர்களுக்கான கணக்கு. சும்மா கிடந்தால் அதுவும் காயும். சில கார்ட்ரிட்ஜ் மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே இருக்கும். அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். டேங்க் மாடல்களில் பலவற்றில் ஹெட் இயந்திரத்தோடு இருக்கும், அடைப்பு முற்றினால் சர்வீஸ் சென்டர்தான்.

எப்போதாவது அச்சடிக்கும் வீட்டுக்கு நான் சொல்வது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். அதன் டோனர் பொடி, காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் அச்சடிக்கும். முதலில் விலை கூடுதல்தான். கடையில் பிரிண்டர் விலையோடு டோனர் விலை என்ன, எத்தனை பக்கம் வரும் என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். கலர்ப் படத்துக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே மை காய்ந்தால் கடைக்காரர் கவலை.

கேள்வி: கொலுவுக்குப் பார்க் போடுவதற்காகத் தெர்மாகோலில் மலை செய்து, ஹார்டுவேர் கடையில் பச்சை ஸ்பிரே பெயின்ட் வாங்கி அடித்தேன். மலை பொசுங்கினதுபோல் குழிகுழியாகிவிட்டது. பெயின்ட் போலியா? கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (கும்பகோணம் வாசகி)

பதில்: பெயின்ட் ஒரிஜினலாகத்தான் இருக்கும். நல்ல பெயின்டாக இருந்ததால்தான் மலை போயிற்று! தெர்மாகோல் என்பது காற்று அடைத்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஸ்பிரே டப்பாவில் இருக்கும் கரைப்பான்கள் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கடைக்காரர் மீது வழக்கில்லை. 'தெர்மாகோலுக்கு அடிக்கலாம்' என்று அவர் சொல்லி விற்றிருந்தால் மட்டும் பேச இடமுண்டு.

தெர்மாகோலுக்குத் தண்ணீரில் கரைகிற வண்ணம்தான் சரி. அக்ரிலிக், போஸ்டர் கலர், வீட்டுக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் எதுவானாலும் ஆகும். ஸ்பிரேதான் வேண்டுமென்றால், ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து நியூஸ்பேப்பரைக் கிழித்துக் கிழித்து மலை முழுக்க ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே எமல்ஷன் ஒரு கோட்டிங். அதற்குப் பிறகு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து லேசாக அடிக்கலாம். ஓர் இடத்தில் வெள்ளை தெரிந்தாலும் அங்கே குழி விழும், ஆகையால் நான் ஸ்பிரேயை விட்டுவிடவே சொல்வேன். காகிதம் ஒட்டிய மலை பாறை மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்கும், பார்க்கவும் அழகு.

பசையிலும் இதே வம்பு உண்டு. செருப்புக்கும் ரெக்சினுக்கும் போடுகிற மஞ்சள் ரப்பர் பசை தெர்மாகோலைத் தின்னும். ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசையும் தின்னும். வெள்ளை ஃபெவிகால் ஒன்றும் செய்யாது, ஆனால் இரண்டு பெரிய தகடுகளுக்கு நடுவே தடவினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் காயாது. மெல்லிசாகத் தடவி, குறுக்கே பல்குச்சி குத்தி வையுங்கள். எந்தப் பசையையும் வண்ணத்தையும் முதலில் ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள். நவராத்திரிக்கு முந்தின ராத்திரி அல்ல, ஒரு வாரம் முன்னால்.

கேள்வி: கீசரை போனிலிருந்து போட ஸ்மார்ட் பிளக் வாங்கினேன். வைஃபையோடு சேரவே மாட்டேன் என்கிறது. திருப்பி அனுப்பிவிடவா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: சேராததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: இத்தகைய பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் வேலை செய்யும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகிறது, போன் 5-இல் நிற்கிறது. ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4-க்கு மாற்றி மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

அதற்கு முன்னால் பிளக்கின் முதுகில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் இல்லையென்றால், வைஃபை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: நம் விமானப்படையிலிருந்து மிக்-21 ஓய்வு பெற்ற செய்தியைப் பார்த்து, மகளுக்காக அதன் 1/72 பிளாஸ்டிக் கிட் ஆன்லைனில் வாங்கினேன். பெட்டிப் படத்தில் பிரமாண்டமாக இருந்தது, கையில் வந்தது சின்னது. சக்கரப் பாகம் ஒன்று குறைகிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டியதில் காக்பிட் கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டது. பசை, பெயின்ட் எதுவும் உள்ளே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் எடுக்க முடியாது என்கிறார் விற்றவர். (சென்னை வாசகர்)

பதில்: இதில் நான்கு புகார்கள் இருக்கின்றன. நியாயமானது ஒன்றே ஒன்று.

அளவு உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 1/72 என்றால் நிஜ விமானத்தை 72 பங்காக்கி ஒரு பங்கு. மிக்-21 ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வரும். 1/48 எடுத்திருந்தால் பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். பெட்டிப் படத்தைப் பார்த்து அளவு முடிவு செய்யக் கூடாது. அதேபோல் பசையும் பெயின்டும் பெரும்பாலான கிட்களில் வராது, பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

குறைகிற சக்கரம் மட்டும் விற்றவர் பொறுப்பு. பிரிக்காமல் பாகம் குறைவது எப்படித் தெரியும்? 2020-இன் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுத்தில் எழுதுங்கள். விளக்கத்தாளில் அந்தப் பாகத்தின் எண் இருக்கும். அந்த எண்ணையும், பாகங்கள் பிணைந்து வந்த பிளாஸ்டிக் சட்டகத்தில் காலியான இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசையவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஒரு சக்கரத்துக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் கிட் தயாரித்த கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டுவைப்பேன், விடுபட்ட பாகத்தை அனுப்பிவைக்கும் கம்பெனிகள் உண்டு. நீங்கள் ஏற்கெனவே ஒட்டத் தொடங்கிவிட்டதால் முழுப் பணத்தை எதிர்பார்க்காதீர்கள், பாகத்தையோ ஒரு பகுதித் தொகையையோ கேளுங்கள்.

வாங்கும்போதே பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எம்.ஆர்.பி. எல்லாம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இவை சட்டப்படி இருக்க வேண்டியவை. எதுவுமே இல்லாத பெட்டி யாரோ சூட்கேஸில் கொண்டுவந்ததாக இருக்கலாம், அதற்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

இனி கண்ணாடி விஷயம். உடனடிப் பசை இறுகும்போது அதன் ஆவி பக்கத்தில் படிந்து காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். சென்னைக் காற்றைச் சொல்லவே வேண்டாம். கண்ணாடிப் பாகத்துக்கு எப்போதும் வெள்ளை ஃபெவிகால்தான், காய்ந்தால் தெளிவாகிவிடும். வெளிப்பக்கம் பூத்திருந்தால் மெல்லிய துணியில் டூத்பேஸ்ட் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். உள்பக்கம் பூத்திருந்தால் கழற்ற முயலாமல் விட்டுவிடுங்கள், உடைந்துவிடும். உடம்புப் பகுதியை ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் மாடல் சிமென்ட் என்று தனியாக விற்கிறார்கள், அது இரண்டு விளிம்பையும் லேசாகக் கரைத்துச் சேர்க்கும். உடனடிப் பசை தேவைப்பட்டால் சின்ன டியூபாகவே வாங்குங்கள். பெரிய பாட்டில் லாபம் மாதிரித் தெரியும், திறந்த பின் நம் ஊர் ஈரத்தில் பாதியிலேயே கெட்டியாகிவிடும்.

பெயின்டுக்கு ஸ்டேஷனரி கடை அக்ரிலிக் போதும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட்டுப் பூசுங்கள், இல்லையென்றால் உரிந்து வரும். தப்பாகப் பூசியதைத் துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவரையோ ஹார்டுவேர் கடைத் தின்னரையோ எடுத்துவிடாதீர்கள். கொலு மலைக்கு நடந்ததுதான் மிக்-21-க்கும் நடக்கும், இரண்டும் ஒரே பிளாஸ்டிக்.

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்கள் சிறுவாணித் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்தார். தண்ணீர் சேறாகிவிட்டது. அவர் கொண்டுவந்த, ஆர்.ஓ. மெஷினில் உப்பு நீக்கிய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பயந்து முன்பணம் கொடுத்துவிட்டேன். மெஷின் தேவைதானா? (கோவை வாசகி)

பதில்: அது பழைய வித்தை. சேறு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை, அவர் விட்ட இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துரு நிறத்தில் திரளும். சாதாரணக் குடிநீரில் உப்புகள் கொஞ்சம் இருப்பதால் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டதால் அவ்வளவாகப் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை அவர் வந்தால், அவருடைய சுத்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. 500-க்குக் கீழே இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. வேண்டியதில்லை. சிறுவாணி மென்மையான தண்ணீர் என்று ஊருக்கே தெரியும். மீட்டர் கிருமியைக் காட்டாது, ஆகவே காய்ச்சிக் குடியுங்கள், அல்லது புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. ஃபில்டர் போதும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள் கதை வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு பிரச்சினை உண்டு, அதை மீட்டரும் தனியாகக் காட்டாது, காய்ச்சினாலும் போகாது. அவர்கள் ஆய்வகத்தில் சோதித்துவிட்டு ஆர்.ஓ. போடுவது நியாயம்.

உங்கள் முன்பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பொய்யான செய்முறை காட்டி விற்பது நியாயமற்ற வணிக முறை, அந்த வார்த்தையையே கடிதத்தில் போடுங்கள்.

ஏற்கெனவே ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கும் மீட்டர் உதவும். 'மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) போயிடுச்சு' என்று சர்வீஸ்காரர் சொன்னால், உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அவர் எதிரிலேயே அளந்து பாருங்கள். 900 உள்ளே போய் 90 வந்தால் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது. வருவதும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் மாற்றலாம். உப்பைக் கலந்து விடும் திருகு உள்ள மாடலில் மட்டும் எண் கூடுதலாக இருக்கும், அதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: மகனின் ரிமோட் காரில் லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜ் ஏறுகிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம், இனி ஒரு தடவைகூடச் சார்ஜ் போடாதீர்கள். குத்தி காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன, விற்ற கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

முழுச் சார்ஜில் அலமாரியில் வைத்திருந்ததால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். ஓட்டாத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும், நல்ல சார்ஜரில் அதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒரு தேர்வு இருக்கும். புதுப் பேட்டரி வாங்கும்போது காரின் கனெக்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், பழையதில் எழுதியிருக்கும் வோல்ட்டை அப்படியே கேளுங்கள், சார்ஜரில் ஸ்டோரேஜ் இல்லையென்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.