தேய்க்க வேண்டிய இடம் குக்கரின் அடிப்பாகம் அல்ல

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 5 லிட்டர் அலுமினிய குக்கர், வெளிமூடி போட்டது. வாங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு வாரமாக விசில் ஒழுங்காக வருவதில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆவி கசிந்து தண்ணீராக வடிகிறது. பருப்பு வைக்கும் நாளில் மட்டும் வெயிட் வழியாக மஞ்சள் தண்ணீர் பீய்ச்சியடித்து அடுப்பு, சுவர் எல்லாம் பாழாகிறது. தினமும் கம்பி நார் போட்டு நன்றாகத்தான் தேய்க்கிறேன். உள்ளே கறுத்தபோது ஆப்பச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன்; முன்பைவிட அதிகமாகக் கறுத்துவிட்டது. தெருவில் வந்த ரிப்பேர்காரர் சேஃப்டி வால்வை மாற்றிக் கொடுத்தார். இதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தூக்கிப் போட வேண்டாம். ஆனால் மூடியின் ரப்பர் வளையமான காஸ்கெட், சேஃப்டி வால்வு ஆகிய இரண்டையும் மாற்றும்வரை அடுப்பில் ஏற்றவும் வேண்டாம். அதுவரை சோற்றை வடித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். குக்கர் பழுதுபார்க்கும் பட்டறையை 26 ஆண்டுகள் நடத்தியவன் நான். என்னிடம் வந்த குக்கர்களில் பாதி உங்களுடையதைப் போலத்தான் இருக்கும். அடிப்பாகத்தில் முகம் பார்க்கலாம். மூடியைத் திருப்பினால் காஸ்கெட் பள்ளத்தில் போன மாதத்துப் பருப்பு காய்ந்து கிடக்கும். அடி கறுத்திருந்தாலும் சோறு வேகும். மூடிக்குள் அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து.

மூடியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. வெயிட் முழுதாகத் தூக்கும் நேரத்தில் குக்கருக்குள் இருக்கும் கூடுதல் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. அதனால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. கொண்டைக்கடலையும் அரை மணிக்குள் மசிகிறது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியாக இருந்தால் அதன் உட்பரப்பு ஏறத்தாழ 314 சதுர சென்டிமீட்டர். ஆக, 300 கிலோவுக்கு மேற்பட்ட விசை அந்த மூடியை உள்ளிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பவை விளிம்பில் இருக்கும் சில உலோகப் பற்கள்.

இந்த விசைக்கு வெளியேற மூன்று வழிகள் வைத்திருக்கிறார்கள். முதல் வழி, வெயிட் உட்காரும் ஆவிக்குழாய். அது அடைத்தால் சேஃப்டி வால்வு. அதுவும் கைவிட்டால், பல வெளிமூடி குக்கர்களில் மூடியின் ஓரத்தில் ஒரு சிறு திறப்பு இருக்கும். அழுத்தம் எல்லை மீறும்போது காஸ்கெட் அந்தத் திறப்பின் வழியாகப் பிதுங்கி ஆவியை விட்டுவிடும். 1679-ல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மென்மையாக்கும் ஆவிப் பாத்திரத்தை உருவாக்கியபோதே வெடிப்புப் பயம் கூடவே வந்துவிட்டது. எடை தொங்கும் நெம்புகோலை வைத்து ஒரு பாதுகாப்பு வால்வையும் அவரே செய்தார். உங்கள் குக்கரின் தலையில் ஆடும் வெயிட் அதன் பேரப்பிள்ளைதான். குக்கரைச் சுத்தம் செய்வது என்றால் முதலில் இந்த மூன்று வழிகளையும் திறந்து வைப்பது. பளபளப்பெல்லாம் பிறகு.

உங்கள் குக்கருக்கு வருவோம். விசில் வரவில்லை, ஆனால் ஓரமாகக் கசிகிறது என்றால் அழுத்தம் கூடவில்லை என்று பொருள். தொல்லைதான், ஆனால் உடனடி ஆபத்து குறைவு. இன்னொரு நிலை இருக்கிறது: விசிலும் வரவில்லை, ஓரத்திலும் கசியவில்லை, வழக்கமான நேரமும் தாண்டிவிட்டது. அப்போது ஆவிக்குழாய் அடைத்திருக்கலாம். அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வெயிட்டைத் தொடாதீர்கள், குக்கரை நகர்த்தாதீர்கள். முழுக்க ஆறிய பிறகு போய்ப் பார்த்தால் போதும். இந்த இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் அடுப்பருகே போகும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஓரக் கசிவுக்கு முதல் சந்தேகம் காஸ்கெட் மேல்தான். கழற்றி எடுத்து விரலால் மடக்கிப் பாருங்கள். புதிய ரப்பர் துவளும். பழையது விறைத்துக்கொண்டு நிற்கும், மடிப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். பள்ளத்தில் பொருத்தினால் தொளதொளவென்று கழன்று வந்தாலும் அதன் காலம் முடிந்தது. தினம் சமைக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒன்று என்று மாற்றிவிடுவது நல்லது. அதே நிறுவனம், அதே மாடல், அதே அளவு. பழைய காஸ்கெட்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ‘5 லிட்டர்’ என்று வாயால் சொன்னால் தவறாகக் கொடுத்துவிடுவார்கள். இறுகிய ரப்பரை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்து எடுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அன்றைய சமையலுக்கு உதவலாம். அதையே வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. கசியும் ஓரத்தில் சப்பாத்தி மாவை ஒட்டுவதும் அறவே கூடாது. காஸ்கெட் பிதுங்க வேண்டிய திறப்பையும் சேர்த்து அடைத்துவிடும்.

காஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பள்ளத்தைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒரு சுற்று தேய்த்தால் போதும். துடைத்து, ஆணியில் மாட்டிவையுங்கள். கழுவிய கையோடு மூடியில் பொருத்தி, மூடியை இறுக்கிப் பூட்டி அலமாரியில் வைத்தால் ரப்பர் நசுங்கியபடியே கிடந்து தட்டையாகும். உள்ளே நாற்றமும் வரும். மூடியைக் கவிழ்த்து குக்கரின் மேல் சும்மா வைத்தால் போதும்.

புது காஸ்கெட் போட்டும் கசிந்தால் விளிம்பைப் பாருங்கள். பருப்பைக் கடைந்த கையோடு கரண்டியை குக்கர் விளிம்பில் ‘டொக் டொக்’கென்று தட்டி உதறுவோமே, அந்தப் பழக்கம் அலுமினிய குக்கருக்குப் பெரும் பகை. ஒவ்வொரு தட்டும் ஒரு சிறு பள்ளம். நகத்தை விளிம்பின் மேல் மெதுவாக ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். லேசானதைப் பட்டறையில் சரிசெய்துவிடலாம். வீட்டில் சுத்தியல் எடுக்காதீர்கள்.

அடுத்தது மஞ்சள் தண்ணீர். இது பழுதே அல்ல. அளவு மீறியதன் விளைவு. பருப்பு வேகும்போது நுரைக்கும். நுரை மேலே ஏறி ஆவிக்குழாய்க்குள் புகுந்து வெயிட்டோடு வெளியே தெறிக்கிறது. தண்ணீரோடு பருப்புத் தோலும் குழாய்க்குள் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எந்தச் சமையலானாலும் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அரிசிக்குப் பாதி. பருப்பை நேரடியாகப் போட்டால் பாதிக்கும் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பருப்போடு மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விடுகிறோமே, அந்த எண்ணெய் நுரையைக் கட்டுப்படுத்தும். வெயிட் முதன்முறை தூக்கியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். பெருந்தீயில் ஏழு விசில் விட்டாலும் சிறுதீயில் அதே நேரம் வைத்தாலும் உள்ளே வெப்பநிலை ஒன்றுதான்; எரிவாயுவும் தண்ணீரும்தான் வீண்.

ஒவ்வொரு முறை மூடுவதற்கு முன்பும் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆவிக்குழாயின் வழியாகப் பாருங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய கம்பியை விட்டு எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். மூன்று நொடி வேலை. என்னிடம் ஒன்றை மட்டும் கேட்பீர்களானால் இதைத்தான் சொல்வேன். வெயிட்டையும் விடாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, அதன் உட்குழிவிலும் பக்கத் துளைகளிலும் தண்ணீர் தாராளமாக ஓடும்படி அலசுங்கள். காணாமல் போனால் பக்கத்து வீட்டு வெயிட்டைக் கடன் வாங்கி மாட்டாதீர்கள். வெயிட்டின் எடையும் அந்தக் குழாயின் துளையும் சேர்ந்துதான் அழுத்தத்தை நிர்ணயிக்கின்றன. வேறு ஒன்றைப் போட்டால் கணக்கே மாறிவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த வரி ரிப்பேர்காரரைப் பற்றியது. சேஃப்டி வால்வின் நடுவில் குறைந்த வெப்பத்திலேயே உருகும் ஓர் உலோகக் கலவை இருக்கும். உள்ளே தண்ணீர் வற்றியோ அடைப்பாலோ சூடு எல்லை தாண்டினால் அது உருகி ஆவியை வெளியேற்றும். எந்தச் சூட்டில் உருக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த கலவை அது. உருவத்தில் அதே போல இருக்கும் போலியில் எதைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை என் பட்டறைக்கு வந்த மூடியில் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டும் நட்டும் இறுக்கியிருந்தது. ‘இப்போது கசிவே இல்லை’ என்று மகிழ்ச்சியாகச் சொன்னார் கொண்டுவந்தவர். எட்டு மாதமாக அந்த வீட்டில் அதில்தான் சமைத்திருக்கிறார்கள். எனவே அந்த வால்வைக் கழற்றிவிட்டு, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலோ அங்கீகரித்த கடையிலோ அசல் வால்வு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கழுவும்போது அதன் உட்பக்கத்தை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஊசியால் குத்தக் கூடாது. ஒருமுறை உருகிய வால்வை ஈயம் பற்றவைத்து மீண்டும் போடுவதும் கூடாது. அது ஏன் உருகியது என்று பார்த்து, அதைச் சரிசெய்த பிறகே புதியது.

இனி கறுப்பு. அது அழுக்கு அல்ல. ஊர்த் தண்ணீரில், அதிலும் போர்வெல் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளும் அதன் காரத்தன்மையும் அலுமினியத்தின் மேல்படலத்தை மாற்றுவதால் வரும் நிறம். நீங்கள் சோடாவைப் போட்டீர்கள். சோடா காரம், காரம் அலுமினியத்தை அரிக்கும். கறுக்காமல் என்ன செய்யும்? சலவை சோடாவும் பிளீச்சிங் பவுடரும் இதே கதைதான். இதற்கு மருந்து புளிப்பு. ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையையோ, பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளையோ கறுப்பு மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு, மூடி போடாமல் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் வெளுத்துவிடும். மூடியைப் போட்டுக் கொதிக்கவைத்தால் சக்கை ஆவிக்குழாயில் ஏறும். அதனால்தான் மூடி வேண்டாம் என்கிறேன். உள்ளே பாத்திரம் வைத்துச் சமைக்கும் நாள்களில் அடித்தண்ணீரில் சிறு துண்டு எலுமிச்சைத் தோல் போட்டுவைத்தால் கறுப்பு வராமலே தடுக்கலாம். அதே காரணத்தால்தான் சாம்பாரையும் புளிக்குழம்பையும் அலுமினிய குக்கரிலேயே இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது. புளிப்பு தன் வேலையை அங்கேயும் செய்யும்.

கம்பி நாருக்கு விடை கொடுங்கள். உடைந்த கம்பித் துணுக்கு ஒன்று காஸ்கெட் பள்ளத்திலோ ஆவிக்குழாயிலோ மாட்டிக்கொண்டால் தொல்லை. சாம்பல் நிறத்தில் வரும் ஹார்ட் அனோடைஸ்டு குக்கரில் கம்பி நாரும் வேண்டாம், புளியும் வேண்டாம். ஸ்பாஞ்சும் சோப்பும் மட்டும். எவர்சில்வர் குக்கரில் சோடா போடலாம். அடிப்பிடித்ததை அது நன்றாக இளக்கும். ஆனால் தண்ணீர் கொதித்த பிறகே உப்பைச் சேருங்கள், இல்லாவிட்டால் அடியில் புள்ளி புள்ளியாக அரிக்கும். எந்த உலோகமானாலும் காய்ந்து சூடேறிய குக்கரில் பச்சைத் தண்ணீரைச் சளாரென்று ஊற்றாதீர்கள். அடி பிதுங்கிவிடும்.

கைப்பிடித் திருகுகளை மாதம் ஒருமுறை இறுக்குங்கள். பொங்கும் குக்கரைத் தூக்கும்போது கைப்பிடி ஆடினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

‘குக்கர் வெடித்தது’ என்று கேள்விப்படுவதில் கணிசமானவை, உண்மையில் அழுத்தம் இறங்குவதற்கு முன் மூடியைத் திருகியவை. வெயிட்டைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தூக்கினால் ‘உஸ்’ என்ற சத்தமே வரக் கூடாது. மூடி எளிதாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் காத்திருங்கள். பருப்பும் கஞ்சியும் உள்ளே இருக்கும்போது வெயிட்டைத் தூக்கி ஆவியை விடும் அவசரமும் வேண்டாம். ஆவியோடு கொதிக்கும் நுரையும் முகத்துக்கு வரும்.

குக்கரின் வயதைக் கேட்டு நான் எதையும் தூக்கிப் போடச் சொல்வதில்லை. ஆனால் அடி பிதுங்கி அடுப்பில் ஆடினாலோ, மூடியைப் பூட்டும்போது மேல் கைப்பிடி கீழ்க் கைப்பிடியைத் தாண்டிப் போனாலோ எடைக்குப் போட்டுவிடுங்கள். இரண்டாவது, பற்கள் தேய்ந்ததன் அடையாளம்; அதற்கு ரிப்பேர் கிடையாது. புதிது வாங்கும்போது உடலில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற தர எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரி 1 முதல் இந்த முத்திரை இல்லாத வீட்டு உபயோக குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது. அதில் இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

காஸ்கெட்டும் வால்வும் புதிதாக வந்ததும் நேரே பருப்பை ஏற்றாதீர்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடி, அடுப்பில் வையுங்கள். ஓரத்தில் ஈரம் கோக்காமல், சில நிமிடத்தில் வெயிட் துள்ளித் தூக்கினால் உங்கள் குக்கர் தேறிவிட்டது. அப்போதும் கசிந்தால், கசியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு குக்கரை முழுதாக சர்வீஸ் மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மூடியை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். நானும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.