அனல்மின் நிலையப் புகையை அளக்க லேசர் வாயு அனலைசர்தான் வாங்க வேண்டுமா?

நிலக்கரி அனல்மின் நிலையத்தில் இப்போதுள்ள அகச்சிவப்பு வாயு அனலைசர்களை எடுத்துவிட்டு லேசர் அனலைசர்களைப் பொருத்தினால் அளவீடு நம்பத்தக்கதாக ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனல்மின் நிலையக் கருவியியல் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த வாயுவை, புகைப் பாதையின் எந்த இடத்தில் அளக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் அமையும். அம்மோனியா, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை டக்ட்டிலேயே, அதாவது புகை செல்லும் பெரிய வழித்தடத்திலேயே, நேரடியாக அளக்க வேண்டுமானால் லேசருக்குச் செலவிடுவது தகும். சிம்னியில் சல்பர் டை ஆக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அளக்க மட்டும்தான் என்றால், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல உபயோகம் உண்டு.

லேசரின் பலம் அதன் ஒளி மிகக் குறுகலான அலைநீளப் பரப்புக்குள் அடங்குவதில் இருக்கிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய சில அலைநீளங்களில்தான் ஒளியை உறிஞ்சும். ஆக்சிஜனுக்கு 760 நானோமீட்டரை ஒட்டியும், அம்மோனியாவுக்கு 1.5 மைக்ரோமீட்டரை ஒட்டியும், கார்பன் மோனாக்சைடுக்கு 2.3 மைக்ரோமீட்டரை ஒட்டியும் அத்தகைய உறிஞ்சு கோடுகள் உள்ளன. வழக்கமான அகச்சிவப்பு அனலைசர் ஓர் அகன்ற பட்டையை மொத்தமாகப் பார்ப்பதால், அதே பட்டையில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் செய்யும் குறுக்கீட்டைப் பிரித்தறியத் திணறும். டயோடு லேசரின் ஒளியோ உறிஞ்சு கோட்டைவிடக் குறுகலானது. மின்னோட்டத்தைச் சற்றே ஏற்றி இறக்கினால் அதன் அலைநீளம் கோட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நகர்ந்து திரும்பும். கோட்டின் நடுவில் வந்த ஒளியையும் கோட்டுக்கு வெளியே வந்த ஒளியையும் ஒரே வீச்சில் ஒப்பிட்டுவிடுவதால், தூசியால் ஒளி ஓரளவு மங்கினாலும் கணக்கு கெடுவதில்லை. ஆனால் உறிஞ்சும் வலிமை வெப்பநிலையோடும், கோட்டின் அகலம் அழுத்தத்தோடும் மாறும். டக்ட்டின் வெப்பநிலை, அழுத்த சிக்னல்களை அனலைசருக்குக் கொடுக்காமல், நிலையான ஒரு மதிப்பைப் பதிந்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் லோடு (மின் உற்பத்தி அளவு) குறையும்போதெல்லாம் வாயுவின் அளவும் காரணமின்றி நகர்வதைப் பார்க்கலாம்.

லேசர் இல்லாமல் முடியாது என்று நான் கருதும் இடம், வினையூக்கியைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்கும் எஸ்.சி.ஆர். அமைப்பின் வெளிவாய்தான். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க வினையூக்கியின் முன்னால் அம்மோனியாவைச் செலுத்துகிறோம். வினைபுரியாமல் தப்பிப் போகும் அம்மோனியாவை 2 அல்லது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குள் வைத்திருக்க வேண்டும். அது கூடினால், புகையிலுள்ள சல்பர் டிரை ஆக்சைடோடு சேர்ந்து அம்மோனியம் பைசல்பேட் என்ற பிசுபிசுப்பான உப்பாகி புகையின் சூட்டால் எரிப்புக் காற்றைச் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டரின் தகடுகளில் படியும். அழுத்த வேறுபாடு ஏறிக்கொண்டே போய், இறுதியில் யூனிட்டை நிறுத்திக் கழுவ வேண்டிய நிலை வரும். சாம்பலில் அம்மோனியா ஏறிவிட்டால் அதை வாங்கும் சிமெண்ட் ஆலையும் முகம் சுளிக்கும். இந்தச் சிறிய அளவை, புகையைக் குழாய் வழியே உறிஞ்சி வெளியே கொண்டுவந்து அளப்பது கடினம், ஏனென்றால் அம்மோனியா வழியிலுள்ள வடிகட்டியிலும் குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். டக்ட்டின் குறுக்கே ஒளியைச் செலுத்தி அங்கேயே அளக்கும் லேசருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. எஸ்.சி.ஆர். வழக்கமாக, மின்புலத்தால் சாம்பலைப் பிடிக்கும் ஈ.எஸ்.பி.க்கு முன்னால்தான் அமைகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். அந்தச் சாம்பலின் பெரும்பகுதி பறந்துகொண்டிருக்கும் அகலமான டக்ட்டில் ஒளி மறுபக்கம் போய்ச் சேர்வதே அரிது. அதனால் டக்ட்டின் மூலையில் குறுக்குப் பாதை அமைத்துப் பொருத்துகிறார்கள். ஒளி கடந்துவிடும்; ஆனால் அம்மோனியா டக்ட் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதால், அந்த மூலையின் அளவைக் கொண்டு முழு டக்ட்டையும் எடைபோடுவது ஆபத்து.

விலைப்பட்டியலில் பலர் கவனிக்காத மற்றொன்று பர்ஜ் காற்று. லென்ஸில் தூசி படியாமலிருக்க இரு பக்கமும் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிஜனை அளக்கும்போது இந்தக் காற்றே வில்லனாகிவிடும். 6 மீட்டர் ஒளிப்பாதையில், லென்ஸை டக்ட்டோடு இணைக்கும் இரு பக்க நாசில்களும் (குழாய்களும்) சேர்ந்து 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 21 சதவீத ஆக்சிஜன் நிற்பதால் அதன் பங்கு மட்டுமே அளவீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் கூடும். 1 சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நம் உமிழ்வு வரம்புகள் 6 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திச் சொல்லப்படுபவை: அளந்த மதிப்பை 15ஆல் பெருக்கி, 21லிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு கனமீட்டருக்கு 400 மில்லிகிராம், உண்மையான ஆக்சிஜன் 7 சதவீதம் என்றால் திருத்திய மதிப்பு 429. அனலைசர் 8 சதவீதம் என்று காட்டினால் அதுவே 462 ஆகிவிடும். 2004 முதல் 2016 வரை நிறுவிய யூனிட்டுகளுக்கு 2020இல் தளர்த்தப்பட்ட வரம்பு 450. பாய்லர் ஒழுங்காக ஓடியும் நிலையம் விதிமீறலில் நிற்கும். ஆக்சிஜனை அளக்கும் கருவிக்கு, காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனை ஊதும் பர்ஜ் கேளுங்கள், அல்லது நாசிலின் பங்கைக் கழிக்கும் கணக்கை விற்பனையாளர் எழுத்தில் தரட்டும்.

ஒளிக்கற்றையை எதிர்ப்பக்கத்துக்கு நேராக்கும் அலைன்மென்ட்டை யூனிட் நிற்கும்போது செய்து முடித்துவிடாதீர்கள். டக்ட் சூடேறி விரிந்ததும் கற்றை விலகிவிடும். முழு லோடில் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

சிம்னிக்கு வருகிறேன். சல்பர் டை ஆக்சைடின் வலுவான கோடுகள் 7.4 மைக்ரோமீட்டரை ஒட்டியும், நைட்ரிக் ஆக்சைடின் கோடுகள் 5.3 மைக்ரோமீட்டரை ஒட்டியும் இருப்பதால், டயோடு லேசர் அங்கே எட்டாது. 1994இல் பெல் ஆய்வகத்தில் முதலில் இயக்கிக் காட்டப்பட்ட குவாண்டம் கேஸ்கேட் லேசர் தேவைப்படும். அது அருமையான கருவி, விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் சிம்னியில் இந்த வாயுக்கள் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில் இருக்கையில், நன்றாகப் பராமரித்த அகச்சிவப்பு அல்லது புற ஊதா அனலைசரே போதும். தவறான அளவீடுகளுக்குப் பெரும்பாலும் காரணம் சென்சார் அல்ல. சூடு குறைந்த சாம்பிள் லைன் (புகையைக் கருவிக்குக் கொண்டுவரும் குழாய்), நீர் தேங்கிய கூலர், காலாவதியான ஸ்பான் சிலிண்டர் (கருவியைச் சரிபார்க்கும் அளவறிந்த வாயு), ஒழுகும் பைப் ஃபிட்டிங் ஆகியவைதான். லேசர் வாங்கும் பணத்தில் சாம்பிள் லைனை மாற்றிவிட்டு, ஒரு நல்ல டெக்னீஷியனை அதற்கென்றே நிறுத்துவதுதான் என் தேர்வாக இருக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் 17 வகைத் தொழிற்சாலைகளுக்கு ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. 2019இல் தேசிய இயற்பியல் ஆய்வகம் இக்கருவிகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பாக அறிவிக்கப்பட்டது. ஆகவே எதை வாங்கினாலும் சான்றிதழில் உங்கள் வாயுவும் அளவு வரம்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்.சி.ஆர். பக்கம் லேசர்தான் என்று முடிவானால், இதே போன்ற நிலக்கரி எரிக்கும் வேறொரு நிலையத்தில் முழு லோடில் எத்தனை சதவீத ஒளி கடந்து வருகிறது என்ற பதிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம், உங்கள் டக்ட்டில் சில வாரங்கள் பொருத்திச் சோதித்த பின்னரே பணம் என்ற நிபந்தனையோடு ஆர்டர் கொடுங்கள்.